அரிக்கமேட்டில் இறங்கிய திராட்சை மது: நம்ம ஆற்றங்கரையின் அதிசயங்கள் தெரியுமா?

உழவர்கரையிலிருந்து வண்டியை எடுத்து, இந்திரா காந்தி சிலையைத் தாண்டி, நூறடி ரோட்டில் போய், மரப்பாலம், முருங்கப்பாக்கம் கடந்தால் அரியாங்குப்பம் பாலம். எத்தனை பேர் அந்தப் பாலத்தில் தினமும் போகிறோம்! கீழே ஓடுகிற ஆற்றின் கரையில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்கத் தீவு ஒன்றில் பிழிந்த திராட்சை மது சாடி சாடியாக வந்து இறங்கியது தெரியுமா? பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றியது 1674-ல். அவர்கள்தான் இந்த ஊருக்கு ஒயினைக் கொண்டுவந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அது வந்துவிட்டது!

செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வில்லியனூரையும் திருக்காஞ்சியையும் தொட்டுக்கொண்டு வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு, இன்னொன்று அரியாங்குப்பம் ஆறு. இந்த இரண்டாவது கிளை கடலில் விழுவதற்குச் சற்று முன்பு வளைகிற இடத்தில், காக்காயன்தோப்பை ஒட்டிய மேடுதான் அரிக்கமேடு. கடல் கொந்தளித்தாலும் ஆற்று வளைவுக்குள் படகுகள் பத்திரமாக நிற்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு, மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட அடையாளம். அதாவது, நம்ம அரியாங்குப்பத்துக்காரரின் ஊர் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்திருந்த வியாபாரிக்கும் தெரிந்த ஊர்!

இதெல்லாம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? ஓர் அலமாரியிலிருந்து!

1930-களில் இந்த மேட்டில் சிறுவர்கள் கல்மணிகளைப் பொறுக்கி விளையாடுவார்கள். 1937-ல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கையில் மனிதத் தலை செதுக்கிய ஒரு கல் வந்து சேர்ந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்றார் அவர். பிறகு ஃபோஷே, சுர்லோ என்ற இருவர் கொஞ்சம் தோண்டினார்கள். கிடைத்தவற்றில் சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறார். இங்கிலாந்தில் ரோமானிய நகரங்களைத் தோண்டித் தோண்டிப் பழகிய கண் அவருடையது. அலமாரியைத் திறக்கிறார். உள்ளே ஒரு சாடியின் நீண்ட கழுத்தும் கைப்பிடியும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது: இது மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடி, ஆம்போரா! எங்கே கிடைத்தது என்று கேட்டால், பக்கத்துப் பிரெஞ்சு ஊரில் என்கிறார்கள். அடுத்த ஆண்டே, 1945-ல், உலகப் போர் முழுதாக முடியாத நேரத்தில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மண்ணில் இந்தியத் தொல்லியல் துறை மண்வெட்டியோடு இறங்கியது.

ஆம்போராவை நேரில் பார்த்தால் அதன் அடிப்பகுதிதான் முதலில் கண்ணில் படும். தட்டையாக இருக்காது, கூராக முடியும். தரையில் நிற்காத பானையை எதற்குச் செய்வார்கள்? கப்பலுக்காகத்தான்! கூர்முனைகளை ஒன்றுக்கொன்று இடையில் செருகி அடுக்கினால், அலை எப்படிப் புரட்டினாலும் சாடிகள் நகராது. ஊற்றும்போது அந்த முனையே இன்னொரு கைப்பிடி. உட்புறம் பிசின் பூசுவார்கள், மது சுட்டமண்ணில் ஊறி வீணாகாமல் இருக்க. வகையைப் பொறுத்து ஒரு சாடியில் இருபது, இருபத்தைந்து லிட்டர்வரை பிடிக்கும்.

அரிக்கமேட்டின் சாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர். அவர் கண்டதுதான் பெரிய வியப்பு! அவற்றில் பெரும்பகுதி கிரேக்கத்தின் கோஸ் தீவு பாணிச் சாடிகள். ரோட்ஸ், நிடோஸ் சாடிகளும் இத்தாலியின் கம்பானியா சாடிகளும் உண்டு. சிலவற்றில் ஆலிவ் எண்ணெயும், புளிக்கவைத்த மீன் சாறும்கூட வந்திருக்கின்றன. அந்தக் கோஸ் தீவு மதுவில் என்ன கலப்பார்கள் தெரியுமா? கடல் தண்ணீர்! கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் ரோமானியரான கேட்டோ, கோஸ் மதுவைப் போலவே வீட்டில் தயாரிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார்: நன்னீர் கலக்காத ஆழ்கடல் நீரை, கடல் அமைதியாக இருக்கும் நாளில் மொண்டு வரவேண்டுமாம். உப்பு சேர்ந்தால் மது கெட்டுப்போகாது. எகிப்தின் செங்கடல் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு தென்மேற்குப் பருவக்காற்றில் வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து, வெயிலில் வெந்து, நம்ம கரைக்கு வந்து சேர்ந்த பிறகும் குடிக்கும்படி இருந்தது என்றால், அதில் அந்த உப்புக்கும் பங்கு உண்டு.

கிரேக்க, ரோமானியரான யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். பள்ளியில் அதைப் படித்தபோது புலவர் கற்பனை என்று கடந்து போயிருப்போம். மண்ணுக்குள்ளிருந்து சாடியே வந்துவிட்டது!

மதுவோடு கோப்பையும் கிண்ணமும் வந்தன. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பாணியில் செய்த பளபளக்கும் செந்நிறப் பாத்திரங்கள் அவை. சிலவற்றின் அடியில் விபி, கமுரி, இட்டா என்று பட்டறைக்காரரின் முத்திரை. இந்தத் துண்டுகள் இல்லாவிட்டால் தென்னிந்தியத் தொல்லியலே வேறு மாதிரி நகர்ந்திருக்கும் என்பது தெரியுமா? அதுவரை நம்மூர்ப் பானை ஓடுகளுக்குக் காலம் சொல்ல வழியே இல்லை. ஈமக்குழிப் பானை எந்த நூற்றாண்டு? பழந்தமிழ் எழுத்தான தமிழி கீறிய ஓடு எப்போது? எல்லாம் ஊகம். இத்தாலியப் பட்டறைகளின் காலமோ இத்தாலியில் துல்லியமாகத் தெரியும். அந்தக் கிண்ணம் கிடந்த அதே மண்ணடுக்கில் நம்ம பானை கிடந்தால் இரண்டும் ஒரே காலம். இப்படித்தான் தக்காணம் முழுவதுக்கும் ஒரு நாள்காட்டி கிடைத்தது. வீலர் இதையே பிடித்துக்கொண்டு 1947-ல் கர்நாடகத்தின் பிரம்மகிரிக்குப் போனார்.

ஆனால் ஒரு விஷயத்தில் வீலரை நான் ஏற்கமாட்டேன். அரிக்கமேட்டை அவர் இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்று பெயரிட்டு எழுதினார், ஏதோ ரோமாபுரிக்காரர் வந்து உண்டாக்கிய ஊர் போல. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே உள்ளூர் மக்கள் வாழ்ந்ததும், கிறிஸ்துவுக்கு முன்பே மத்தியதரைக்கடல் சாடிகள் வரத் தொடங்கியதும், ரோமானிய வணிகம் தேய்ந்த பிறகும் இடம் அடியோடு கைவிடப்படாததும் அதில் தெரிந்தன. சோழர் காலப் பொருள்கள்வரை கிடைத்திருக்கின்றன! இது தமிழர் ஊர். வெளியூர்க்காரர்கள் வந்து போனார்கள், அவ்வளவுதான். பானை ஓடுகளில் தமிழியில் கீறிய பெயர்களைப் பாருங்கள். ‘இது என்னுடையது’ என்று நம்ம மனிதர் ஒருவர் பானையில் உரிமை எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஊரார் மதுவுக்கு மாற்றாகக் கொடுத்தவற்றில் கண்ணாடி மணியும் உண்டு. இழுத்துச் செய்யும் அந்தச் சின்னஞ்சிறு மணிகள் தென்கிழக்கு ஆசியா எங்கும் கிடைக்கின்றன. அதே கைத்தொழில் நுட்பம் ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை பிழைத்து வந்திருக்கிறது!

சரி, அந்த யவனர் கொண்டுவந்தது திராட்சை மது. திராட்சைச் சாராயமான பிராந்தி? அது அப்போது உலகத்திலேயே கிடையாது. மதுவைக் காய்ச்சி வடிக்கும் கலை ஐரோப்பாவில் கைகூட இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தச் சாராயத்துக்குப் பேர்போன ஊரும் ஓர் ஆற்றங்கரைதான்: பிரான்சின் ஷராந்த் ஆற்றின் மேல் இருக்கும் கோன்யாக். பாரிஸில் உறவினர் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்குச் சொல்கிறேன், அடுத்த முறை போகும்போது ஈபிள் கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அங்குலேம்வரை அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து சின்ன ரயில் பிடித்தால் கோன்யாக்.

அந்த ஊர் முதலில் எதனால் பிழைத்தது தெரியுமா? உப்பால்! கடற்கரை உப்பளங்களின் உப்பு ஷராந்த் வழியே படகில் ஏறிவந்து கோன்யாக்கில் இறங்கும். மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியும். உப்பு வாங்க வந்த டச்சுக்காரர்கள் ஒயினும் வாங்கினார்கள். அங்கத்து ஒயின் புளிப்பு, போதை குறைவு, நெடும்பயணம் தாங்காது. காய்ச்சி வடித்தால் இடமும் மிச்சம், கெடவும் கெடாது என்று வடித்தார்கள். வடித்ததை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வைத்தார்கள். கப்பலுக்காகக் காத்துக் காத்துப் பீப்பாயிலேயே கிடந்த சரக்கு நாளாக ஆகப் பொன்னிறம் கொண்டு ருசியேறியது. தாமதமே ஒரு தொழிலை உண்டாக்கிவிட்டது!

இன்றைக்கு அது சட்டமாகவே இருக்கிறது. செம்பு வாலையில் இரண்டு முறை வடிக்கவேண்டும். அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் வடித்து முடிக்கவேண்டும். ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கிடக்கவேண்டும். ஒரு லிட்டர் சாராயத்துக்கு ஒன்பது லிட்டர் ஒயின் வேண்டியிருக்கிறது. இதைத் தயாரிக்கும் நிறுவனங்களில் மார்ட்டெல் 1715-லிருந்தும், ரெமி மார்ட்டின் 1724-லிருந்தும், ஓர் அயர்லாந்துக்காரர் தொடங்கிய ஹென்னெஸி 1765-லிருந்தும் நடக்கின்றன. ஹென்னெஸியில் எந்தப் பீப்பாயோடு எதைக் கலப்பது என்று ருசி பார்த்துத் தீர்மானிக்கும் பொறுப்பு ஒரே குடும்பத்தில் எட்டாவது தலைமுறையாகத் தொடர்கிறது! தாத்தா பீப்பாயில் போட்டதைப் பேரன் திறக்கிறான். மிகப் பழையதைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவிடுவார்கள். கண்ணாடிக்குள் போனதும் அதற்கு வயது ஏறுவது நின்றுவிடும்.

மரத்தின் நுண்துளை வழியாக ஒவ்வோர் ஆண்டும் சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்று அங்கே சொல்வார்கள். இரண்டு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். மொத்தமாகக் கூட்டினால் ஆண்டுக்கு 2 கோடி பாட்டில்களுக்கு மேல் காற்றில் போகிறது! அந்த ஆவியைத் தின்று வாழவே ஒரு கரும்பூஞ்சை இருக்கிறது, பௌடோயினியா என்று பெயர். பீப்பாய்க் கிடங்கு எங்கே இருக்கிறதோ அந்தச் சுவரும் கூரையும் கரி பூசினாற்போல் கறுத்துவிடும். வரிக்குப் பயந்து யார் எங்கே சரக்கைப் பதுக்கியிருக்கிறார் என்பதை அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு இந்தக் கறுப்பே காட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள்.

கோன்யாக்கின் ஆற்றங்கரைக் கோட்டைக்கும் நம்ம புதுச்சேரிக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது தெரியுமா? பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா 1494-ல் பிறந்த கோட்டை அது. இன்றைக்கு ஓட்டார் நிறுவனத்தின் பீப்பாய்கள் அங்கே உறங்குகின்றன. அதன் சுவர்களில் பாய்மரக் கப்பல்கள் கீறப்பட்டிருக்கின்றன. பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய ஏழாண்டுப் போரில் பிடிபட்ட ஆங்கிலேயக் கைதிகள் அங்கே அடைபட்டிருந்தபோது கீறியவை. அதே போரில்தான், 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள்!

அதே போர் நடுக்கடலில் ஒரு விஞ்ஞானியையும் தவிக்கவிட்டது. சூரியனை வெள்ளிக்கோள் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து கிளம்பிய லெ ஜான்தி, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார். ஆடுகிற தளத்திலிருந்து எதை அளப்பது? அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. அவர் ஊர் திரும்பவில்லை, காத்திருந்தார்! 1768-ல் புதுச்சேரி வந்து, இடிபாடுகளின் மேலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்தில், மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தால், அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் புதுச்சேரி அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. இங்கே தமிழர்கள் சோழிகளை அடுக்கி வைத்தே கிரகணம் கணிப்பதைக் கண்டு அசந்துபோனார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நேர அளவில் தமிழ்க் கணக்கு 41 வினாடிதான் தவறியது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் அட்டவணை 68 வினாடி தவறியது! அதே மனிதர்தான் வீராம்பட்டினம் பக்கம், ஆற்றோர மேட்டில் ஊரார் பெரிய பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதையும் எழுதி வைத்தார். வானத்தைப் பார்க்க வந்தவர் அரிக்கமேட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுபடி கோன்யாக்குக்கு வருவோம். அங்கே திராட்சைக் கொடிக்கே நேர்ந்த கதையும் சிறியதல்ல. 1870-களில் அமெரிக்காவிலிருந்து போன ஒரு பேன்வகைப் பூச்சி கோன்யாக்கின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. சுமார் 2,80,000 ஹெக்டேராக இருந்த தோட்டம் 1893-ல் 40,000 சொச்சமாகச் சுருங்கியது. காப்பாற்றியதும் அமெரிக்காதான்! டெக்சாஸின் டெனிசன் நகரத்து மன்சன் என்ற திராட்சை அறிஞர், சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும் காட்டுக் கொடிகளைக் காட்டிக்கொடுத்தார். அந்த வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். டெனிசனும் கோன்யாக்கும் இன்று சகோதர நகரங்கள்.

நம்மூர்க் கடையில் பிராந்தி என்று விற்பதில் பெரும்பகுதி திராட்சையே அல்ல, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகான மொலாசஸில் வடித்த சாராயம் என்பது தெரியுமா? தென்னிந்தியாவில் இவ்வளவு பிராந்தி ஓடுகிறது, கரும்பைக் குடித்துவிட்டுத் திராட்சை என்று நினைத்துக்கொள்கிறோம். நல்ல திராட்சை நம்மிடம் இல்லாமலா? தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை! அங்கத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்கு 1832-ல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. போய்ப் பார்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன். முதலில் பாரதி பூங்கா பக்கத்துப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பாருங்கள், சாடித் துண்டுகளைக் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு காக்காயன்தோப்புக்குப் போங்கள். பெரிய கோபுரமோ கொத்தளமோ எதிர்பார்க்காதீர்கள். இன்று தரைக்கு மேல் நிற்கும் செங்கல் தூண்கள் 18-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மிஷன் கட்டடத்தின் மிச்சம், பலரும் அவற்றையே ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். உண்மையான துறைமுகம் காலடியில் இருக்கிறது. தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிட்டார்கள், மேட்டின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவே இல்லை. மாமரமும் தென்னையும் நிற்கும் அந்த மண்ணில், மழை பெய்து விட்டதும் ஓட்டுத் துண்டும் மணியும் மேலே வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆனால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரியும்வரைதான் ஒரு துண்டு காலம் சொல்லும். அங்கேயே கிடக்கட்டும், அடுத்து தோண்ட வருகிறவர்களுக்குத் தேவைப்படும்.